உப்புவெளியில் ஒரு கட்டில்

திருகோணமலைக்குப் போனால் நான் அறை எடுப்பதில்லை. நகரத்துக்குப் பக்கத்துக் கடற்கரையான உப்புவெளியில், பயணிகள் தங்கும் ஹொஸ்டலில், பெண்கள் மட்டும் தங்கும் அறையில் ஒரு கட்டில் போதும். கீழ்க்கட்டிலாகக் கேளுங்கோ, மேலே வெக்கை தாங்காது. சொந்தப் பூட்டும் துவாயும் கட்டாயம்.

எனக்கு மிகப் பிடித்தது அங்குள்ள குசினி. நிலாவெளிக் கடலில் இருக்கிற புறாத்தீவுக்குப் போகிற படகுக் காசைத் தனியாளாகக் கொடுக்கக் கட்டுப்படியாகாது. இரவு குசினியில் தேத்தண்ணி குடிக்கிற நேரம் கதை கொடுத்தால், விடியிறதுக்குள் பங்குபோட ஆள் சேர்ந்துவிடும். சமைக்கிற அக்காவிடம்தான் ஊர் விவரமெல்லாம். "பிள்ளை, கோணேசர் கோயிலுக்கு வெயில் ஏறமுதல் போ. கோட்டைக்குள்ள மான் நிக்கும், சாப்பாட்டுப் பையைக் கவனமா வச்சிரு" என்றா. சொன்னபடியே புள்ளிமான்கள் வழியில் நின்றன. கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழிலும் சூடு வேறுவேறு என்று சொன்னதும் அவதான்.

மே முதல் செப்டெம்பர் வரை கடல் அமைதி, அப்போது கட்டில் விலையும் கூடும். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் மலிவு, ஆனால் படகை நம்ப ஏலாது.

எங்கட பெண்பிள்ளைகள் இப்படித் தங்க இன்னும் தயங்குகினம். எனக்கு அது உண்மையில் கவலை. முதல்தரம் ஒரு சிநேகிதியோடு போங்கோ. நகரத்தில் நிலாவெளி பஸ் ஏறினால் உப்புவெளியில் இறங்கலாம். ஓட்டோவுக்குக் காசைக் கரைக்க வேண்டாம்.