டேனிஷ் காத்தாடியும் நம்ம ஊர் கியர்பாக்ஸும்

திருநெல்வேலியிலிருந்து மதுரைச் சாலையில் கங்கைகொண்டான் தாண்டிக் கயத்தாறு நெருங்கும்போது இரண்டு பக்கமும் காத்தாடிகள் தெரியும். குட்டையாக நின்று படபடவென்று சுற்றுபவை பழசு. அவற்றுக்குப் பின்னால் வானத்தைத் தொட்டுக்கொண்டு மெதுவாகச் சுற்றுபவை புதுசு. வெளிநாட்டு முதலீடு, தொழில்நுட்பக் கூட்டுறவு என்று இப்போது நம் பக்கம் தினம் ஒரு செய்தி வருகிறது. அவை நமக்கு என்ன தரும், என்ன தராது என்று அறிய வேண்டுமானால் முதலில் இந்தப் பழைய காத்தாடிகளைத்தான் பார்க்க வேண்டும்.

1986ல் நம் நாட்டில் முதன்முதலாகக் காற்றாலைகள் நட்ட மூன்று கடற்கரைகளில் ஒன்று நம்முடையது. மற்ற இரண்டு குஜராத்தின் ஓகா, மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி. நிறுவியவை டேனிஷ் நிறுவனமான வெஸ்டாஸின் 55 கிலோவாட் இயந்திரங்கள். பிறகு டென்மார்க் அரசின் உதவி அமைப்பான டேனிடா கயத்தாற்றில் செயல்விளக்கக் காற்றாலைகள் அமைக்கக் கைகொடுத்தது. கயத்தாற்றில் உள்ள காற்றாலைச் சோதனை நிலையமும் டேனிடாவின் தொழில்நுட்ப உதவியோடும் ஓரளவு நிதியுதவியோடும் வந்ததுதான். சென்னையில் இருக்கும் தேசியக் காற்று ஆற்றல் நிறுவனம் அதை நடத்துகிறது. புது இயந்திரம் ஒன்று "இந்தக் காற்றுக்கு இவ்வளவு மின்சாரம் தருவேன்" என்று தாளில் சொல்வதைக் களத்தில் அளந்து பார்க்கும் இடம் அது. இயந்திரத்தின் சுழல் விட்டத்தைப் போல இரண்டரை மடங்கு தள்ளிக் காற்றளவைக் கம்பம் நட்டு, பத்து நிமிடச் சராசரிகளாகக் குறைந்தது 180 மணி நேரத் தரவு சேர்த்த பிறகுதான் எந்தக் காற்று வேகத்தில் எவ்வளவு மின்சாரம் என்று காட்டும் வளைகோட்டைச் சர்வதேசத் தரப்படி வரைய முடியும். விற்பவர் கொடுக்கும் அட்டவணையை நம்பி வாங்கிய காலத்தை மாற்றியது இந்த அளவுகோல். டேனிடா கொடுத்ததில் மிக மதிப்புள்ளது இதுதான் என்பது என் எண்ணம். நட்ட காத்தாடி தேய்ந்துபோகும், அளக்கத் தெரிந்த கை தேயாது.

டென்மார்க்கில் வடிவமைத்த இயந்திரம் இங்கே வந்ததும் முதலில் தடுக்கியது நம் வெயிலில். காற்றாலைக் கணக்குகள் எல்லாம் 15 டிகிரி வெப்பத்தில் ஒரு கனமீட்டர் காற்று 1.225 கிலோ எடை என்று வைத்துப் போடப்பட்டவை. வள்ளியூர், பணகுடி வெயிலில், 35 டிகிரியில், அது 1.14 கிலோ அளவுக்கு இறங்கிவிடுகிறது. அதே வேகத்தில் வீசினாலும் ஆறேழு சதவீத மின்சாரம் காணாமல் போகும். இது பழுது அல்ல, இயற்பியல். அது புரியாமல் இயந்திரத்தைக் குறை சொன்னவர்களும் உண்டு, அதையே சாக்காக வைத்து உண்மையான பழுதை மூடி மறைத்தவர்களும் உண்டு.

அடுத்த தடுக்கல் மின்பாதை. பழைய இயந்திரங்களில் பெரும்பாலானவை தூண்டல் ஜெனரேட்டர் வைத்தவை. சுற்றத் தொடங்கவும் காந்தப்புலம் உண்டாக்கவும் அவை கிரிட்டிலிருந்தே, அதாவது பொது மின்கட்டமைப்பிலிருந்தே, ரியாக்டிவ் பவர் இழுக்கும்; காந்தப்புலத்தைத் தாங்க மட்டும் போய்வரும் மின்சாரம் அது. அந்தத் தேவையை இயந்திரத்தடியிலேயே ஈடுகட்டும் கெபாசிட்டர் பெட்டியில் ஒன்றிரண்டு செல் செத்துக் கிடந்தால் அந்த இழுப்பு கூடும், கோட்டின் வோல்டேஜ் சரியும், மின்வாரியம் அதற்குத் தனிக் கட்டணமும் போடும். ஆடி மாதத்தில் காற்று உச்சத்தில் இருக்கும்போதுதான் ஃபீடர் டிரிப் ஆகும், அதாவது மின்சாரத்தை எடுத்துச்செல்லும் கோடு தானாகத் துண்டித்துக்கொள்ளும். முழுச் சுமையில் சுற்றிக்கொண்டிருந்த இயந்திரத்துக்குத் திடீரென்று பிடிமானம் போனால் இறக்கை நுனி பிரேக்கும், வேக அச்சின் டிஸ்க் பிரேக்கும் சேர்ந்து விழும். அந்த அதிர்ச்சி முழுவதும் போய்ச் சேரும் இடம், இறக்கையின் மெதுவான சுற்றை ஜெனரேட்டருக்கு வேகமாக்கித் தரும் பல்சக்கரப் பெட்டியான கியர்பாக்ஸ். ஒரு பருவத்தில் நூறு டிரிப் என்றால் பற்களில் நூறு சுத்தியலடி. வலுவான கிரிட் உள்ள டென்மார்க்கில் இத்தனை அடியை அந்தப் பெட்டி வாங்கியிருக்காது.

அதனால்தான் நம் பக்கம் கியர்பாக்ஸ் வேலை ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்தது. அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

விவரமான பராமரிப்பாளர் மாசி, பங்குனியிலேயே எண்ணெய் மாதிரி எடுத்துவிடுவார். இயந்திரத்தை நிறுத்திய உடனே, எண்ணெய் சூடாக இருக்கும்போதே எடுக்க வேண்டும். ஆறிவிட்டால் துகள்கள் அடியில் உட்கார்ந்துகொள்ளும். வடிகால் திருகைத் திறந்து முதலில் வருவதைப் பிடித்தால் அது அடிவண்டல், கணக்கில் வராது. ஃபில்டருக்கு முந்தைய மாதிரிக் குழாயில் கொஞ்சம் வழியவிட்டு, சுத்தமான பாட்டிலில் 100 மில்லி பிடித்து, இயந்திர எண், ஓடிய மணி, எண்ணெய் மாற்றிய தேதி மூன்றையும் ஒட்டி அனுப்ப வேண்டும். ஒட்ட மறந்த பாட்டிலால் ஒரு பயனும் இல்லை, ஏனென்றால் ஓர் எண்ணை மட்டும் தனியாகப் பார்த்தால் எதுவும் புரியாது. போன வருட எண்ணோடு வைத்துப் பார்த்தால்தான் சங்கதி தெரியும்.

அறிக்கையில் இரும்பு ஏறியிருந்தால் பல்லோ பேரிங் உருளையோ தேய்கிறது. செம்பு ஏறினால் பித்தளைக் கூண்டு வைத்த பேரிங்கைச் சந்தேகிக்கலாம். சிலிக்கான் ஏறினால் உள்ளே மண் போகிறது. நம் செம்மண் காட்டில் அது ரொம்ப சாதாரணம், பெட்டிக்குள் காற்று போய்வரும் மூச்சுக்குழாயின் ஃபில்டரை மாற்றினாலே பாதி சரியாகும். தண்ணீர் ஏறியிருந்தால் அதே மூச்சுக்குழாயில் ஈரம் உறிஞ்சும் மணிகள் நிறம் மாறியிருக்கும். செங்கோட்டைக் கணவாய்ச் சாரல் எட்டும் சுரண்டை, ஆலங்குளம் பக்கத்து இயந்திரங்களில் இதைத் தவறாமல் பார்க்க வேண்டும். வழக்கமாக ஊற்றுவது 320 பாகுநிலைத் தர கியர் எண்ணெய். விலை குறைவு என்று வேறு தரத்தைப் பாதியில் கலந்தால் நுரை கட்டும், நுரை கட்டினால் எண்ணெய்ப் படலம் கிழியும், பல்லில் சாம்பல் நிறத்தில் பொடிப்பொடிக் குழிகள் விழும். எண்டோஸ்கோப் கேமராவை உள்ளே விட்டால் அந்தச் சாம்பல் பட்டை தெளிவாகத் தெரியும். ஒரு பல்லில் மட்டும் இருந்தால் கவனித்துக்கொண்டே ஓட்டலாம். எல்லாப் பல்லிலும் ஒரே பக்கமாக இருந்தால் அலைன்மென்ட் (அச்சுகளின் நேர்வரிசை) போயிருக்கிறது, பெட்டியை இறக்கித்தான் ஆக வேண்டும்.

மாசியிலேயே ஏன் என்றால், ஆனியில் உடைந்தால் இறக்க முடியாது. காற்று நொடிக்குப் பத்துப் பன்னிரண்டு மீட்டரைத் தாண்டினால் கிரேனில் நாசெல் (கோபுர உச்சியில் இயந்திரங்கள் இருக்கும் கூடு) பாகங்களைத் தூக்குவது ஆபத்து. பருவம் முழுக்க அந்த வேகம்தான். ஆகவே ஆனியில் நின்ற இயந்திரம் புரட்டாசி வரை நிற்கும். வைகாசியிலிருந்து புரட்டாசி வரைதான் வருட உற்பத்தியின் பெரும்பகுதி. 100 மில்லி எண்ணெயைச் சோதிக்கச் சோம்பினால் ஒரு வருட வருமானமே போய்விடும்.

இந்த அறிவு எந்த ஒப்பந்தத்திலும் எழுதித் தரப்பட்டதல்ல. வெளிநாட்டுப் பொறியாளர் போன பிறகு, உதிரி பாகம் கப்பலில் வரக் காத்திருக்க முடியாமல், நம் ஐடிஐ படித்த பிள்ளைகள் திறந்து பார்த்துக் கற்றுக்கொண்டது. தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் இன்று 10,000 மெகாவாட்டைத் தாண்டி நிற்பதில் அவர்கள் பங்கு பெரிது. அதை யாரும் முதலீட்டு மாநாட்டில் சொல்வதில்லை என்பது எனக்கு ஆற்றாமைதான்.

பணம் வந்த வழியையும் மறைக்க வேண்டியதில்லை. தொண்ணூறுகளில் முதல் வருடமே 100 சதவீதத் தேய்மானம், அதாவது வாங்கிய விலை முழுவதையும், வரிக்குரிய வருமானத்தில் கழிக்கலாம் என்ற வரிச்சலுகைக்காகத்தான் மில்காரர்கள் காத்தாடி வாங்கினார்கள். மார்ச் 31க்குள் நட்டாக வேண்டும் என்ற அவசரத்தில், காற்று இல்லாத மேட்டிலும் நட்டார்கள். சலுகை பின்னாளில் 80 ஆகி, 2017ல் 40 ஆனது. எவ்வளவு நட்டோம் என்பதற்குச் சலுகை கொடுத்தால் நடுவார்கள், எவ்வளவு உற்பத்தி செய்தோம் என்பதற்குக் கொடுத்தால் ஓட்டுவார்கள். இன்று கங்கைகொண்டானுக்கும் தூத்துக்குடிக்கும் வரும் ஆலைகளுக்குச் சலுகை எழுதுபவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

இப்போது பேச்செல்லாம் ரீபவரிங், அதாவது பழசைப் பிடுங்கிவிட்டுப் பெரியதை நடுவது. 2024ல் தமிழ்நாடு அரசு இதற்கென்றே கொள்கை கொண்டுவந்தது. நல்ல இடம் முழுவதையும் பழைய இயந்திரங்கள் பிடித்துக்கொண்டிருப்பதால் இது தேவையான வேலைதான். ஆனால் "அதே நிலத்தில் பத்து மடங்கு" என்று யாராவது சொன்னால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

27 மீட்டர் விட்டமுள்ள 225 கிலோவாட் இயந்திரத்துக்கு, ஒரு பக்கம் ஐந்து விட்டம், மறுபக்கம் ஏழு விட்டம் இடைவெளி என்ற வழக்கப்படி 135க்கு 189 மீட்டர், ஏறக்குறைய 6.3 ஏக்கர் வேண்டும். 144 மீட்டர் விட்டமுள்ள 3 மெகாவாட் இயந்திரத்துக்கு அதே விதியில் 720க்கு 1008 மீட்டர், 179 ஏக்கர். அந்த இடத்தில் 28 பழைய இயந்திரங்கள் நிற்கும். பழசு வருடத்தில் 15 சதவீதத் திறனில் ஓடுகிறது என்று வைத்தால் 28ம் சேர்ந்து சுமார் 83 லட்சம் யூனிட். புதுசு 35 சதவீதத்தில் ஓடினால் சுமார் 92 லட்சம் யூனிட். நிலத்தை வைத்துப் பார்த்தால் லாபம் பெரிதாக இல்லை. உண்மையான லாபம் வேறு இடத்தில் இருக்கிறது: 28 கியர்பாக்ஸுக்குப் பதில் ஒன்று, பாதி நாள் பழுதில் நிற்கும் இயந்திரங்கள் போய் ஒழுங்காக ஓடும் ஓர் இயந்திரம், நவீன மின்னணுக் கட்டுப்பாட்டால் கிரிட் டிரிப்பில் பல் உடையாமை. இடைவெளி விதியைத் தளர்த்தினால் உற்பத்தி கூடும், ஆனால் பின்வரிசை இயந்திரம் முன்வரிசையின் கலங்கிய காற்றை வாங்கி அதிர்ந்து சாகும்.

அந்த 28க்கும் 28 சொந்தக்காரர்கள் இருப்பார்கள் என்பதுதான் பெரிய முடிச்சு. ஒருவர் கோயம்புத்தூர் மில், ஒருவர் ராஜபாளையம், ஒருவர் காலமாகிப் பிள்ளைகளுக்குள் பாகம் பிரியவில்லை. காற்றுக் காலத்தில் கிரிட்டில் விட்ட யூனிட்டைப் பிறகு எடுத்துக்கொள்ளும் பாங்கிங் வசதி புது இயந்திரத்தில் குறைந்துவிடுமோ என்ற பயம் வேறு. ஒப்பந்தம் எழுதும்போது பழைய உற்பத்திக் கணக்கின் ஐந்து வருடச் சராசரியை வைத்து ஒவ்வொருவர் பங்கையும் யூனிட்டாக எழுதிக்கொள்வது நல்லது. ஏக்கரை வைத்துப் பிரித்தால் நல்ல காற்று உள்ள மேட்டுக்காரர் கையெழுத்துப் போடமாட்டார்.

காற்றாலைக்கு வெளியேயும் காட்சி மாறுகிறது. கங்கைகொண்டான் சிப்காட்டில் 4.3 கிகாவாட் சூரிய மின்செல், பேனல் ஆலையை டாடா பவர் அமைத்திருக்கிறது. அதற்கு அமெரிக்க அரசின் வளர்ச்சி நிதி நிறுவனம் 42.5 கோடி டாலர் வரை கடன் தர முன்வந்தது. தூத்துக்குடியில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் 2025 ஆகஸ்டில் மின்கார் ஆலையைத் திறந்தது. பேட்டையிலும் பாளையங்கோட்டையிலும் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சிமார் உடனே கார் பாகம் செய்ய ஆர்டர் எதிர்பார்க்க வேண்டாம், அது ஆண்டுக்கணக்கான தரச் சோதனைக்குப் பிறகு வருவது. முதலில் கிடைப்பது ஜிக், ஃபிக்ஸ்சர் (வேலை செய்யும்போது பாகத்தைச் சரியான இடத்தில் பிடித்துவைக்கும் சட்டங்கள்), கன்வேயர் ரோலர், டிராலி, பேலட் வேலை. அதற்கே வரைபடத்தில் எழுதிய டாலரன்ஸுக்கு (அனுமதித்த அளவு விலகலுக்கு) அளந்த அறிக்கையும், அளவுகருவிகள் சரியாக அளக்கின்றன என்பதற்குச் செல்லுபடியாகும் காலிப்ரேஷன் சான்றும் கேட்பார்கள். பெரும்பாலான சிறு பட்டறைகள் தோற்பது வேலையில் அல்ல, அந்தச் சான்று போன வருடமே காலாவதியானதில்.

காத்தாடியில் ஏற நினைக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று. உலகக் காற்றாலை நிறுவனங்கள் பொதுவாக ஏற்கும் ஜி.டபிள்யூ.ஓ. (குளோபல் விண்ட் ஆர்கனைசேஷன்) அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சியில் உயரத்தில் வேலை, முதலுதவி, தீ விழிப்புணர்வு, சுமை தூக்குதல் ஆகியவை உண்டு. கடலில் வேலை என்றால் கடல் பிழைப்பும் சேரும். சான்று இரண்டு வருடம்தான் செல்லும், அதற்குள் புதுப்பிக்க வேண்டும். நம் மாநிலக் கடலிலும் குஜராத் கடலிலும் தலா 500 மெகாவாட் நட 2024ல் மத்திய அமைச்சரவை 7,453 கோடி ரூபாய் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்திருப்பதால், கடல் பயிற்சியையும் சேர்த்து முடித்துவைப்பது வீண்போகாது.

பழசைப் பிடுங்கும்போது யாரும் பேசாத ஒன்று இறக்கை. கோபுர இரும்பு எடைக்குப் போகும், செம்பு போகும், கியர்பாக்ஸ் கூடப் பிரித்துப் போகும். கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்த இறக்கையை உருக்க முடியாது, எரித்தால் நச்சுப் புகை, அதனால் காட்டோரம் கிடக்கும். வைர விளிம்பு ரம்பத்தால், தண்ணீர் ஊற்றிக்கொண்டே, மூக்கு வாய்க்கு முறையான முகமூடி போட்டுத்தான் அறுக்க வேண்டும். அந்தத் தூசி நுரையீரலில் தங்கினால் போகாது. ஜெர்மனியில் இப்படி நொறுக்கிய இறக்கையைச் சிமென்ட் சூளையில் போடுகிறார்கள். பிசின் எரிபொருளாகிறது, கண்ணாடியில் உள்ள சிலிக்கா மணலுக்குப் பதிலாகச் சிமென்டிலேயே சேர்ந்துவிடுகிறது. 1949லிருந்து சிமென்ட் எரிக்கும் தாழையூத்து, கயத்தாற்றிலிருந்து ஒரு லாரி நடை தூரம்தான். ரீபவரிங் ஒப்பந்தத்தில் இறக்கையை யார் அறுப்பது, யார் செலவில், எந்தச் சூளைக்கு என்று மூன்று வரி எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.