ஸ்பானர் வைக்க முந்தி

கொக்குவில் பக்கம் ஒரு கராஜ். எஞ்சின் சூடு ஆறேல்ல, பொடியன் பெற்றோல் பில்டர் நட்டில ஸ்பானரை வைச்சிட்டான்.

இன்ஜெக்ஷன் எஞ்சின் எண்டா, நிப்பாட்டினாலும் பெற்றோல் லைனுக்குள்ள ஏறக்குறைய 3 பார் அழுத்தம் நிக்கும். கழட்டினா விசிறியடிக்கும். சூடான எக்ஸோஸ்ட்டில பட்டா நெருப்புத்தான்.

பெற்றோல் பம்ப் பியூசை எடுத்துப்போட்டு ஸ்டார்ட் பண்ணுங்கோ. கொஞ்சம் ஓடித் தானா நிக்கும். சுவிட்சை நிப்பாட்டி, பற்றரியின்ர மைனஸ் வயரைக் கழட்டி, எஞ்சினை ஆற விடுங்கோ.

அப்பவும் மிச்சம் கசியும். நட்டைத் துணியால பொத்திக்கொண்டு மெதுவா இளக்குங்கோ.

நேரடியாச் சிலிண்டருக்குள்ள அடிக்கிற இன்ஜெக்ஷன் எண்டா வேற கதை. எஞ்சின்ல இருக்கிற உயர் அழுத்தப் பம்புக்கு அங்கால 100 பாரையும் தாண்டும், தோலைத் துளைக்கும். தெரியாட்டித் தொடாதேங்கோ.

ஸ்பார்க் பிளக்கைக் கழட்டி எஞ்சின்ல முட்ட வைச்சு ஸ்பார்க் பாக்கிற பழக்கம் இன்னும் போகேல்ல. பிளக்குக்குக் கரண்ட் குடுக்கிற இக்னிஷன் கொயில் 20,000 வோல்ற்றுக்கு மேல குடுக்கும். பக்கத்தில பெற்றோல் லைன் திறந்து கிடக்கேக்க அந்த வேலை வேண்டாம்.