எரிய எரிய லேசாகும் கப்பல்

வான்கப்பல் என்றதும் எல்லாரும் 1937-இல் எரிந்துபோன ஹிண்டன்பர்க்கைத்தான் சொல்கிறார்கள். எனக்கென்னவோ அதற்கு மூத்த ஜெர்மன் வான்கப்பலான கிராஃப் செப்பலின் மீதுதான் பிரியம்.

காற்றைவிட லேசான ஊர்தியை மேலே ஏற்றுவதில் பெரிய வித்தை இல்லை. 1852-இலேயே பிரெஞ்சுப் பொறியாளர் ஆன்றி ஜிஃபார் 3 குதிரைத்திறன் நீராவி எஞ்சினோடு பாரிசிலிருந்து 27 கி.மீ. பறந்துவிட்டார். தலைக்கு மேலே தீப்பற்றும் வாயு, காலடியில் கரியடுப்பு! பொறி பறக்காதிருக்கப் புகைபோக்கியைக் கீழ்நோக்கித் திருப்பிவைத்தாராம். எதிர்காற்றில் திரும்பி வரத்தான் எஞ்சினுக்கு வலுவில்லை.

நெடும்பயணத்தில் தொல்லை வேறு. பெட்ரோல் எரிய எரியக் கப்பல் லேசாகி மேலேறும். அடக்குவதற்குக் கப்பலைத் தூக்கிநிறுத்தும் ஹைட்ரஜனைத் திறந்து வீணாக்க வேண்டும். கிராஃப் செப்பலின் பெட்ரோலுக்குப் பதில், கிட்டத்தட்டக் காற்றின் எடையே உள்ள பிளாவ் வாயுவை எரித்தது. காலியான இடத்தில் காற்று புகும், எடை அப்படியே நிற்கும். என்ன மூளை! 1929-இல் அது உலகையே சுற்றிவந்தது.

அதன் ஹைட்ரஜன் பைகளில் கசிவைத் தடுத்தது எது தெரியுமா? மாட்டுக்குடல் சவ்வு. ரப்பர் பூசிய துணி உரசினால் மின்பொறி வருமே என்ற பயம்.