குரல் வெட்டி வெட்டி வருகிறதா? முதலில் படத்தைக் கவனியுங்கள்

டெர்மினலில் எஃப்எஃப்எம்பெக் (கட்டளை எழுதிப் படத்தையும் ஒலியையும் பதிவு செய்யும் மென்பொருள்) வைத்துத் திரையைப் பதிவு செய்யும் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி சொல்லும் புகார் இது: "படம் பளிச்சுன்னு இருக்கு, குரல் மட்டும் விட்டு விட்டு வருது." உடனே மைக்கைச் சந்தேகப்படுவார்கள், அடுத்து சவுண்ட் கார்டு, அப்புறம் லினக்ஸில் ஒலியைக் கையாளும் பல்ஸ்ஆடியோ. நான் பார்த்தவரை, பெரும்பாலும் ஒலியைக் கெடுப்பது படம்தான்.

கணக்குப் போட்டாலே புரிந்துவிடும். 1920 X 1080 திரை, ஒரு பிக்சலுக்கு 4 பைட், நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் நொடிக்கு ஏறக்குறைய 249 மெகாபைட். 48,000 ஹெர்ட்ஸ், 16 பிட் ஸ்டீரியோ ஒலிக்கு 192 கிலோபைட் போதும். ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்தப் பெரிய சுமையைச் சுருக்க முடியாமல் பிராசசர் திணறும்போது, ஒலி வரிசையில் காத்து நிற்கிறது. வரிசை நிரம்பியதும் ஒலியை எடுத்துக்கொள்ள ஆள் இல்லை. பின்னால் இருக்கும் பஃபர், அதாவது ஒலியைத் தற்காலிகமாக வைக்கும் இடம், நிரம்பி வழிகிறது, வழிந்தது போச்சு. படத்தில் ஒன்றிரண்டு ஃபிரேம் போனால் கண் பொறுத்துக்கொள்ளும். பேச்சில் ஒரு எழுத்து பாதியில் அறுந்தாலும் காது பிடித்துவிடும்.

எஃப்எஃப்எம்பெக் இதை மறைப்பதும் இல்லை. பதிவு ஓடும்போது கடைசி வரியில் 'ஸ்பீட்' என்று ஓர் எண் வரும். அது 1எக்ஸ் பக்கத்திலேயே நிற்க வேண்டும். 0.87 என்று இறங்கி அங்கேயே நின்றால் என்கோடர் (படத்தைச் சுருக்கும் பகுதி) பின்தங்குகிறது என்று பொருள். கூடவே, த்ரெட் கியூ சைஸை (காத்திருக்கும் வரிசையின் நீளத்தை) கூட்டிப் பாருங்கள் என்ற மஞ்சள் எச்சரிக்கையோ, லினக்ஸின் அடிப்படை ஒலி அமைப்பான அல்சாவை நேரடியாகப் பயன்படுத்தினால் 'பஃபர் எக்ஸ்ரன்' என்ற வரியோ வரலாம். இந்த வரிகளைப் படிக்காமல் மைக் மாற்றப் போகாதீர்கள்.

முதல் மருந்து என்கோடரின் வேலையைக் குறைப்பது. எக்ஸ்264 என்ற என்கோடர் தானாக எடுத்துக்கொள்ளும் பிரீசெட் (வேக அமைப்பு) 'மீடியம்'. நேரலையாகப் பதிவு செய்ய அது கனம். 'அல்ட்ராஃபாஸ்ட்' கொடுங்கள். ஃபைல் பெரிதாகும், ஆகட்டும். பதிவு முடிந்த பிறகு நிதானமாக 'ஸ்லோ' பிரீசெட்டில் சுருக்கிக்கொள்ளலாம். ஒலியை அப்போதைக்குச் சுருக்கவே வேண்டாம், பிசிஎம்மாக, அதாவது சுருக்காத ஒலியாக, எம்கேவி ஃபைலில் போடுங்கள். நிமிடத்துக்கு 11.5 மெகாபைட் மட்டுமே. எம்பி4 வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு: பதிவு நடுவில் அறுந்துவிட்டால் எம்பி4 பொதுவாகத் திறக்கவே திறக்காது, எம்கேவியில் அதுவரை பதிவானதாவது கிடைக்கும்.

அடுத்தது அந்த த்ரெட் கியூ சைஸ். இது இன்புட்டுக்கான ஆப்ஷன்; எந்த இன்புட்டுக்கோ, கட்டளையில் அதைக் குறிக்கும் 'ஐ'-க்கு (-i) முன்னால் வர வேண்டும். கட்டளையின் கடைசியில் ஒட்டினால் பயனில்லை. பலர் படத்துக்கும் ஒலிக்கும் ஒரே 1024-ஐப் போடுகிறார்கள். எனக்கு அது உடன்பாடில்லை. சுருக்காத ஒரு ஃபிரேமே 8.3 மெகாபைட். அப்படி 1024 ஃபிரேம் வரிசையில் சேர்ந்தால் 8 ஜிபிக்கு மேல் ரேம் போய்விடும். ரேம் போதாமல் கணினி டிஸ்க்கையே ரேமாகப் பயன்படுத்தும் ஸ்வாப்பில் இறங்கினால் ஒலி இன்னும் கெடும். படத்துக்கு 64 போதும், ஒலிக்கு 1024 தாராளமாகக் கொடுக்கலாம், அதன் பாக்கெட்டுகள் குட்டி. ஆனால் ஒன்று: என்கோடர் தொடர்ந்து பின்தங்கினால் எவ்வளவு பெரிய வரிசையும் நிரம்பத்தான் செய்யும். அதனால்தான் பிரீசெட்டை முதலில் சொன்னேன்.

அப்படியும் ஸ்பீட் ஏறவில்லையா? 30 ஃபிரேமை 15 ஆக்குங்கள். டெர்மினலும் எடிட்டரும் காட்டும் பாடத்துக்கு 15 நன்றாகவே இருக்கும்.

எஃப்எஃப்எம்பெக்கில் ஒலியின் நேரத்தைச் சரிசெய்யும் ஏ-ரீசாம்பிள் ஃபில்டரில் 'அசிங்க்' (async) போட்டால் சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. படமும் குரலும் விலகாமல் இருக்க அது உதவும், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் விழுந்த ஓட்டையை அது மௌனத்தால்தான் நிரப்பும்; தொலைந்த சொல் திரும்பாது.

மாற்றியதும் ஒரு சோதனை செய்யுங்கள். பதிவை ஓடவிட்டு, ஒரு ஜன்னலைத் திரை முழுக்க இழுத்து ஆட்டியபடியே ஒன்று முதல் ஐம்பது வரை ஒரே வேகத்தில் எண்ணுங்கள். பிறகு ஹெட்ஃபோனில் கேட்டால் எந்த எண் அறுந்திருக்கிறது என்பது தெரியும். அந்த இடத்தில் திரையில் என்ன நடந்தது என்று பாருங்கள்.