‘கக்கூஸ்’ படத்தை வீட்டுக்காரர்களுக்குப் போட்டுக் காட்டினோம்

மலக்குழிகளில் இறங்கும் தொழிலாளர்களைப் பற்றி திவ்யபாரதி எடுத்த ‘கக்கூஸ்’ ஆவணப்படம் 2017-இல் வந்தது. அப்போது தமிழ்நாட்டில் பல ஊர்களில் அதைத் திரையிடப் போலீஸ் விடவில்லை. கடைசியில் யூடியூபில் வெளியிட்டார்கள். மதுரையில் எங்கள் பகுதியில் அதைப் போடலாம் என்று பேச்சு வந்தபோதே அனுமதிதான் பெரும்பாடாக இருக்கும் என்று எதிர்பார்த்தோம்.

தெருமுனையில் திரை கட்டுவதாகத்தான் முதல் யோசனை. ஸ்டேஷனில் எடுத்த எடுப்பில் கேட்டது, “சென்சார் சர்டிபிகேட் இருக்கா?” 1952-ஆம் வருடத் திரைப்படச் சட்டப்படி பொது இடத்தில் படம் காட்ட அது வேண்டும். மைக் செட்டுக்குத் தனி அனுமதி. சரி, பொதுக்காட்சியே வேண்டாம் என்று முடிவு செய்தோம். குடியிருப்போர் சங்கக் கட்டடத்துக்குள், அழைத்தவர்களுக்கு மட்டும், வெளியே ஸ்பீக்கர் இல்லாமல். தேதி, நேரம், படத்தின் பெயர் எல்லாவற்றையும் எழுதி ஸ்டேஷனில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டோம். எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

யாரை அழைப்பது? தூய்மைப் பணியாளர்கள் குடியிருப்பில் போய்ச் சொன்னோம். அங்கே ஒரு அக்கா, “எங்க வேலைய எங்களுக்கே படம் புடிச்சுக் காட்டப் போறீங்களா? தொட்டி நெறஞ்சா கூப்பிடுறாங்கல்ல, அவங்கள உக்கார வைங்க தம்பி” என்றார். அன்றைக்கே அழைப்பிதழை மாற்றினோம். வீடு வீடாகப் போய், செப்டிக் டேங்க் வைத்திருப்பவர்களைக் கூப்பிட்டோம்.

வந்தவர்களில் சிலர் பாதியில் எழுந்து போனார்கள். படம் முடிந்து விளக்கைப் போட்டதும் யாரும் வாய் திறக்கவில்லை. அப்புறம் ஒரு பெரியவர், “எங்க வீட்டுத் தொட்டியில ஒருத்தர் இறங்கித்தானே அடைப்பு எடுத்தார், அதுவும் குற்றமா?” என்று கேட்டார். குற்றம்தான். மலம் அள்ளும் வேலைக்கு மனிதரை அமர்த்தத் தடை விதிக்கும் 2013-ஆம் வருடச் சட்டம் நகராட்சியை மட்டும் சொல்லவில்லை. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்கும் எவருக்கும், முதல் தடவையே இரண்டு வருடம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். தொட்டிக்குள் சேரும் ஹைட்ரஜன் சல்பைடு, அளவு கூடினால் வாசனை தெரியாதபடி மூக்கையே மரத்துப் போகச் செய்துவிடும் என்று ஒரு வேதியியல் ஆசிரியர் விளக்கினார். விழுந்தவரைத் தூக்கப் போகிறவரும் சாவது இதனால்தான். படத்தைவிட இந்தப் பேச்சுக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பணியாளர்கள் குடியிருப்பில் தனியாக ஒரு கூட்டம் வைத்தோம், படம் இல்லாமல். விடிவதற்குள் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் மாலையிலேயே தொடங்கினோம். மலக்குழியில் இறந்தவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியதைச் சொன்னதும் ஒருவர் எழுந்தார். “காண்ட்ராக்ட்காரர் ஹார்ட் அட்டாக்னு சொல்லிட்டா?” அதற்குப் பிறகு முழுக்க அதே பேச்சுதான்: பிரேதப் பரிசோதனையை விட்டுக்கொடுக்காமல் இருப்பது, எஃப்ஐஆரில் 2013 சட்டத்தையும், இறந்தவர் பட்டியல் சாதியினர் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் எழுதச் சொல்லிக் கேட்பது.

பக்கத்துத் தெருவிலும் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். அந்த அழைப்பிதழில், கழிவுநீர் லாரிக்கு அழைக்க வேண்டிய 14420 எண்ணைப் படத்தின் பெயருக்கு மேலேயே போட்டிருக்கிறோம்.