பொறுப்பான பிள்ளை

நேற்றிரவு உறவினர் வீட்டில் சாப்பிட்டு முடித்ததும், ஆறாம் வகுப்பு படிக்கும் மகள் யாரும் சொல்லாமலே எழுந்து, தம்பியின் எச்சில் தட்டையும் தன் தட்டின்மேல் அடுக்கி எடுத்துப் போனாள்.

அவன் தொலைக்காட்சி முன் அமர்ந்தான். "பொறுப்பான பிள்ளை" என்று பெரியவர்கள் அவளை மெச்சினார்கள்.

அந்த மெச்சல்தான் என்னை உறுத்தியது. அதட்டி வேலை வாங்கினாலாவது என்றாவது ஒருநாள் எதிர்த்துக் கேட்பாள். புகழ்ந்து பழக்கியதை எப்படி மறுப்பாள்?

2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் தம் வீட்டு வேலை செய்த பெண்கள் அதற்காக நாளொன்றுக்கு 299 நிமிடங்கள் செலவிட்டார்கள். ஆண்களோ 97 நிமிடங்கள், அதுவும் ஏறத்தாழ நான்கில் ஒருவர்தான் அந்த வேலையைச் செய்தார்.

அப்பா தேங்காய் துருவும் படத்தைக் கேரளம் 2024இல் மூன்றாம் வகுப்புப் பாடநூலில் சேர்த்தது. நம் வீட்டுப் பையன்களுக்கு அந்தக் காட்சி படத்தில் மட்டுமல்ல, அடுக்களையிலும் அன்றாடம் கிடைக்க வேண்டும்.