கோலாலம்பூர் செந்தூல் திடல்: ஒரு கால்பந்து கோல் காவலரின் நாட்குறிப்பு

நவம்பர் 8, 2025, சனி

நேற்றைய மழையில் கோல் கம்பத்துக்கு முன்னால் ஒரே சேறு. காலை ஏழரைக்கு என்னிடம் கோல் காவல் பழகும் எட்டுப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். இன்று யாரையும் பாய விடவில்லை. ஒரு மணி நேரமும் கால் வேலைதான்.

பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள், பயம் என்பதே அறியாதவள். "கோச், எப்போ டைவ் அடிக்கப் போறோம்?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டாள். கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். கையை மட்டும் நம்பி அதைக் காக்க முடியாது. எதிராளி பந்தை உதைக்கும் கணத்தில் நம் இரண்டு பாதமும் தரையில் இருக்கவேண்டும், உடல் எடை முன்பாதத்தில் நிற்கவேண்டும். ஒரு கால் அந்தரத்தில் இருந்தால் எவ்வளவு நீளக் கை இருந்தும் பந்து உள்ளே போய்விடும். பார்ப்பவர்கள் பாய்ச்சலுக்குக் கைதட்டுவார்கள். அதற்கு முன் எடுத்து வைத்த இரண்டு சிறிய அடிகள் அவர்கள் கண்ணில் படாது. நான் கற்றுக்கொடுப்பதில் பாதிக்கு மேல் அந்த இரண்டு அடிகள்தான்.

நவம்பர் 15, சனி

மழை. பயிற்சி இல்லை. வலது தோளுக்கு ஐஸ் வைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

நவம்பர் 22, சனி

இன்று காலால் பந்தை வாங்கிக் கொடுக்கும் பயிற்சி. இதை நடத்தும்போதெல்லாம் 1992 நினைவுக்கு வந்துவிடும்.

அப்போது எனக்கு 21 வயது. அதுவரை நம் தற்காப்பு ஆட்டக்காரர் திருப்பி உதைக்கும் பந்தை அப்படியே கையில் அள்ளிக்கொள்ளலாம். அந்த ஆண்டு விதி மாறியது. சக ஆட்டக்காரர் வேண்டுமென்றே காலால் தரும் பந்தைக் கையால் தொட்டால் எதிரணிக்கு மறைமுக ஃபிரீ கிக், அதாவது நேராகக் கோல் அடிக்க முடியாத இலவச உதை. என் இடது கால் அப்போது வெறும் மரக்கட்டை. ஓர் ஆட்டத்தில் இடது பக்கம் வந்த பந்தை நேராக எதிரணி முன்கள ஆட்டக்காரர் காலுக்கே உதைத்துக் கொடுத்தேன். கோல். சொல்லிக்கொடுக்க ஆளில்லை. குழுவில் கோல் காவலருக்கென்று தனிப் பயிற்றுநர் கிடையாது. நானும் மாற்றுக் கோல் காவலரும் ஆளுக்கு ஆள் பந்தை உதைத்துக்கொண்டிருப்போம், அவ்வளவுதான். அப்பா வேலை பார்த்த ரயில் பட்டறைப் பக்கம் ஒரு சுவர் இருந்தது. ஆறு மாதம், தினமும் சாயங்காலம் அந்தச் சுவரில் இடது காலால் மட்டும் உதைத்தேன்.

கடைசியாக ஆடிய குழு நான்கு மாதச் சம்பளம் தராமலே கலைந்தது. அப்புறம் சில வருடம் லாரி ஓட்டினேன். திடலுக்குத் திரும்பக் கொண்டுவந்தது அந்தச் சுவர்தான். இந்தப் பிள்ளைகள் தனியாகச் சுவரோடு நிற்கக்கூடாது.

டிசம்பர் 6, சனி

இந்த ஆண்டு வந்த எட்டு விநாடி விதியைப் பழகினோம். பந்தைக் கையில் பிடித்து எட்டு விநாடிக்குள் விடாவிட்டால் எதிரணிக்குக் கார்னர், அதாவது திடலின் மூலையிலிருந்து ஓர் உதை. கடைசி ஐந்து விநாடியை நடுவர் கையை உயர்த்தி எண்ணிக்காட்டுவார். எனக்கு இது நல்ல விதி என்றே படுகிறது. பழைய ஆறு விநாடி விதியை நடுவர்கள் பெரிதாகக் கண்டுகொண்டதில்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

செராஸில் நட்பு ஆட்டம். பத்தாவது நிமிடத்தில் அந்தப் பெண்ணின் கால்களுக்கு இடையே பந்து புகுந்துவிட்டது. கை கீழே போனது, முழங்கால் சேரவில்லை. அவள் வலைக்குள் குனிந்து பந்தை எடுத்தபோது தோள் குலுங்கியது. நான் கோட்டோரம் நின்று ஒன்றும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் வெளியிலிருந்து கத்தும் எந்த வார்த்தையும் உதவாது, எனக்குத் தெரியும்.

இரண்டு நிமிடம் கழித்து வலப்பக்கத்திலிருந்து கோல் முன்னால் தூக்கி அடித்த பந்து, ஒரு கிராஸ். தயங்குவாள் என்று நினைத்தேன். "கீப்பர்!" என்று கத்திக்கொண்டே வந்து, மூன்று பேருக்கு மேலே எழும்பிப் பிடித்தாள். 1-2 என்று தோற்றோம். அந்தக் கிராஸை இரவு வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 15, திங்கள்

டிசம்பர் வந்தாலே மலேசியாவின் கோல் காவலர் ஆர். ஆறுமுகம் நினைவு. 1980 ஏப்ரலில் அப்பா என்னை மெர்டேக்கா அரங்கத்துக்குக் கூட்டிப்போனார். மாஸ்கோ ஒலிம்பிக் தகுதிச் சுற்று, தென் கொரியாவை 2-1 என்று வென்றோம். முன்களத்தில் ஹசான் சானி, ஜேம்ஸ் வோங். அரங்கமே அவர்கள் பெயரைக் கத்தியது. ஒன்பது வயதுப் பையன் நான் பார்த்துக்கொண்டிருந்தது எங்கள் கோலில் நின்ற அந்த நீண்ட கைகளை. சும்மாவா ஸ்பைடர்மேன் என்றார்கள்! சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானில் நுழைந்ததைக் கண்டித்து மலேசியா அந்த ஒலிம்பிக்குக்குப் போகவில்லை. 1988 டிசம்பரில் கார் விபத்தில் ஆறுமுகம் இறந்தபோது வயது 35. அன்று அப்பா சாப்பிடவில்லை.

இரவு அந்தப் பெண்ணின் அம்மா செய்தி அனுப்பியிருந்தார்: "கோச், பிள்ளையோட கிளவுஸ் உள்ளங்கை கிழிஞ்சிபோச்சு, தைச்சா தாங்குமா?" தாங்காது. என் அலமாரியில் 8ஆம் அளவில் ஒரு ஜோடி இருக்கிறது. நாளை துவைத்து நிழலில் காயப்போடவேண்டும். வெயில் பட்டால் உள்ளங்கை ரப்பரான லேடெக்ஸ் வெடித்துவிடும்.